பூஜ்யம்

பதினொன்று நாற்பது.
ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம்.
கீழே குடுவையில் இன்னும் நிறமில்லை.
இளஞ்சிவப்பு வருவதற்குள்
பார்வையின் இடது ஓரத்தில் ஒரு ரம்பம் முளைத்தது.

வெள்ளிப் பல். சத்தமில்லாத அறுப்பு.
முதலில் இருபத்து மூன்றாம் கோட்டைத் தின்றது,
பிறகு இருபத்து நான்கை.
"சுலைஹா, நீ வந்து அளவு பாரேன்."
வந்தாள், பாதி முகத்தோடு.
மீதி முகம் இருந்த இடத்தில்
மே மாதத்துத் தார்ச்சாலை நெளிந்தது.

உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும்.
கல்லூரியில் படித்ததல்ல,
இரவு இரண்டு மணிக்கு
நெற்றியில் ஈரத்துணியோடு படித்தது.
பின்மண்டையில் ஓர் அலை கிளம்புகிறது.
நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்.
தேவனாம்பட்டினத்து அலைக்கு இந்தப் பொறுமை கிடையாது.
பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியே ஓட
சோடியம் உள்ளே நுழைய
அலை போன தடத்தில் நரம்புகள் பேசுவதில்லை,
புயலன்று கரண்ட் போகும் தெருவில்
ஒவ்வொரு வீடாக இருள்வது போல.

மூளைக்கு வலிக்கத் தெரியாது.
இது எனக்குப் பிடித்த தகவல்.
வலிப்பது அதன் உறைக்கு.
முகத்து நரம்பொன்று தன் நுனிகளில் எதையோ கசியவிடும்
(சி.ஜி.ஆர்.பி. என்று பெயர், ஏதோ கட்சி மாதிரி),
நாளங்கள் விரியும்,
நான் குளியலறைத் தரையில் கன்னம் வைப்பேன்.
செரட்டோனின் மற்ற நாட்களில் குறைவாம்,
வலி வரும் நாளில் மட்டும் ஏறுமாம்.
ஒன்றாம் தேதி மட்டும் நிறையும் என் வங்கிக் கணக்கு.
அதிலும் இன்னும் வாதம் தீரவில்லை என்கிறார்கள்.
நாளெல்லாம் ஊரார் அமிலத்தை அளக்கிறேன்,
என்னை ஊற்றிப் பார்க்க ஒரு குடுவை இல்லை.

சொல்ல வந்தது இதில்லை.

காலை ஏழரைக்கு
கடலூர் ஓ.டி. தாண்டி ஷிப்டு பஸ் சிப்காட்டுக்குள் திரும்பும்போதே
அழுகிய முட்டைக்கோஸ் வாடை.
மெர்காப்டான், என்றது மூக்கு.
புருஷோத்தமன் கருவியைத் தூக்கிக் காட்டினார்.
பூஜ்யம். புள்ளி. பூஜ்யம்.
"மேடம், இன்னைக்கு உங்களுக்கு வரப்போவுதுன்னு நெனைக்கிறேன்."
சிரிக்கவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

வந்துவிட்டதே.
வருவதற்கு முன் மூக்கு கூராகும்,
பக்கத்துச் சீட்டின் தலையெண்ணெய்,
மூடிய டப்பாவுக்குள் கருவாட்டுத் தொக்கு,
எல்லாம் முகத்தில் அறையும்.
சிலருக்கு இல்லாத வாடையும் வருமாம்.
அதையும் படித்துத் தொலைத்திருக்கிறேன்.
என் மூக்கு கூண்டிலேறிச் சாட்சி சொன்னால்
எதிர்த்தரப்பு வக்கீல் என் மூளை.

முதலுதவி அறை. விளக்கணைத்தாயிற்று.
மாத்திரை நாக்கடியில் கசந்து கரைகிறது.
வெளியே கேட் வேதகிரி யாரிடமோ போனில்:
"ஆமாம்மா, நாத்தம்தான், எழுதிக்கிட்டேன்...
காலையிலேர்ந்து வாந்தியா, எத்தினி புள்ளைங்க?...
சரிம்மா, சொல்றேன்."
வைத்துவிட்டு, "வழக்கமா பேசற அம்மாதான்."

அந்த அம்மாவின் பின்மண்டையிலும் அலை கிளம்பியிருக்குமோ?
அந்தப் பிள்ளைகளுக்கும்?
உப்பனாற்றுக் காற்றடிக்கும் நாளில் மட்டும்
ஊருக்கே ஒற்றைத் தலைவலியோ?

சுவரைப் பிடித்தபடி எழுந்தேன்.
பதிவேடு. கருவி அளவு: 0.0, புருஷோத்தமன் கையெழுத்து.
குறிப்பு என்ற கட்டம் வருடக்கணக்காகக் காலி.
கோடுகள் எல்லாம் ரம்பமாய்த் துள்ளுகின்றன.
எங்கே கட்டம் முடிகிறதென்று தெரியாமல் எழுதினேன்:
'மூக்குக்கு உண்டு. ஏழரை மணி.
ஊரிலும் உண்டு.
எழுதுபவருக்குத் தலைவலி உண்டு, அது வேறு.'
அடியில் பெயர். ம. திருப்புரசுந்தரி, தரக் கட்டுப்பாடு.

கதவருகே சுலைஹா, முழு முகம் இன்னும் வரவில்லை.
"அக்கா, இருபத்து மூணு புள்ளி ஆறு.
ரெண்டு சொட்டு கூடப் போயிடுச்சோ என்னவோ,
ரொம்பச் சிவந்துடுச்சு.
மறுபடி போடட்டுமா?"